ஓடை வெள்ள நிவாரணம்: தகுதி இருந்தும் பணம் ஏன் கைக்கு வருவதில்லை

சென்னையில் ஓட்டேரி நல்லா ஓடை, விருகம்பாக்கம் கால்வாய், கோவையில் சங்கனூர் பள்ளம் ஓடை. எந்தக் கரையில் குடியிருந்தாலும் நடப்பது ஒன்றுதான். இரவில் மழை கொட்டும், சில மணி நேரத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறும், விடிவதற்குள் வடிந்து சேறு மட்டும் மிஞ்சும். நிவாரண விதிகளோ நாள்கணக்கில் தேங்கி நிற்கும் வெள்ளத்தை நினைத்து எழுதப்பட்டவை. கண்ணெதிரே எல்லாம் போன குடும்பங்களை "நீங்க லிஸ்ட்லயே இல்லையே" என்று திருப்பி அனுப்புவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பணம் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருகிறது. எதற்கு எவ்வளவு என்பதை ஒன்றிய அரசு வகுத்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு ரேஷன் கடையில் கொடுத்த 6,000 ரூபாய் மாநில அரசின் தனி அறிவிப்பு. ஒவ்வொரு மழைக்கும் அப்படி ஓர் அறிவிப்பு வராது. வராவிட்டாலும் அடிப்படைத் தொகைகள் உண்டு, அதைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

2022-26 காலத்துக்கான விதிகளின்படி, முழுக்கச் சேதமான வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய், குடிசைக்கு 8,000. குறைந்தது 15 சதவீதம் சேதமான கட்டட வீட்டுக்கு 6,500, மண் வீடு போன்றவற்றுக்கு 4,000. துணிமணிக்கு ஒரு குடும்பத்துக்கு 2,500, பாத்திரம் பண்டத்துக்கு இன்னொரு 2,500. கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. உயிரிழப்புக்கு 4 லட்சம்.

இதில் துணிமணி, பாத்திரத் தொகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. வீடு அடித்துச் செல்லப்பட்டிருக்க வேண்டும், அல்லது முழுக்கச் சேதமாகியிருக்க வேண்டும், அல்லது இரண்டு நாளுக்கு மேல் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். ஓடை வெள்ளத்தில் மூன்றாவது நிபந்தனைக்குள் பலர் வருவதில்லை. ஆனால் பள்ளமான சந்துகளில் கழிவுநீர் திரும்ப மேலேறி மூன்று நாள் நிற்பதும் உண்டு. அப்படி நின்றால் தினமும் தேதி தெரியும்படி படம் எடுங்கள். சென்னை என்றால் மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-லும், எந்த மாவட்டமானாலும் கலெக்டர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையான 1077-லும் புகார் சொல்லி, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று பிறகு விவாதம் வந்தால், வாய்ப்பேச்சு எடுபடாது.

அதைவிடப் பெரிய இழப்பு 'பகுதி சேதம்' என்ற இரண்டு சொல்லில் நடக்கிறது. சுவர் விரிந்து, அஸ்திவாரம் அரித்து, குடியிருக்கவே முடியாத வீட்டைக்கூட வி.ஏ.ஓ. வாசலில் நின்று பார்த்துவிட்டுப் பகுதி சேதம் என்று எழுதிவிட்டால், 1,20,000 கிடைக்க வேண்டிய இடத்தில் 6,500 தான். எழுதும்போதே என்ன எழுதினார் என்று கேளுங்கள். ஒப்புக்கொள்ள முடியாவிட்டால், மறு ஆய்வு செய்து பொறியாளர் ஒருவரை அனுப்பும்படி தாசில்தாருக்கு அன்றைக்கே மனு கொடுங்கள். அதிகாரி வரும் முன் சேற்றை வழித்து, உடைந்த சாமான்களைத் தெருவில் போட்டுவிடுவது எல்லோருக்கும் வரும் இயல்பு. நாற்றத்தில் குழந்தைகளை வைத்துக்கொண்டு யார்தான் காத்திருக்க முடியும்? சரி, சுத்தம் செய்யுங்கள். அதற்கு முன் சுவரில் தண்ணீர் ஏறிய கறை, விரிசல், ஒவ்வொரு அறை, கதவு எண் எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது பட்டா. சேதமான வீடு அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானமாக இருக்க வேண்டும் என்கிறது விதி. ஓடைப் புறம்போக்கில் முப்பது வருடம் வீட்டு வரி கட்டியவரைக்கூட இது வெளியே தள்ளிவிடுகிறது. கரண்ட் பில் நீங்கள் அங்கே குடியிருந்ததைக் காட்டும், கட்டடத்துக்கு அங்கீகாரம் தராது. குடிசை மாற்று வாரியத்தின் (இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) ஒதுக்கீட்டு ஆணை இருந்தால் அதைத்தான் முதலில் காட்டுங்கள். குடிசைக்கான தொகைக்கும் பட்டா கேட்டு அலையவிட்டால், அது எந்த விதியில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. வீட்டுச் சேதப் பணம் வீட்டுக்காரருக்குப் போகும். சாமான்களுக்கான தொகை உங்கள் குடும்பத்துக்கு உரியது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். ரேஷன் கார்டு சொந்த ஊரில் இருந்தால் தலைவலி கூடும். 2023-இல் கார்டு இல்லாதவர்கள் ரேஷன் கடையில் விண்ணப்பம் கொடுக்க வழி இருந்தது. ஆனால் டோக்கன் வரும் என்று காத்திருந்தே அதைத் தவறவிட்டவர்கள் உண்டு. அறிவிப்பு வந்த நாளிலேயே கடைக்குப் போய்க் கேளுங்கள்.

மாடோ ஆடோ செத்தால் அரசு கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தரும் வரை புதைக்கக் கூடாது. மனித உயிர் போயிருந்தால் போலீஸ் புகாரும் பிரேதப் பரிசோதனையும் கட்டாயம் வேண்டும். "உடம்பை அறுக்க வேண்டாம்" என்று அவசரமாக அடக்கம் செய்த குடும்பங்கள், சாவு வெள்ளத்தால்தான் என்று நிரூபிக்க முடியாமல் மாதக்கணக்கில் அலைகின்றன. அந்த நேரத்தில் இதைச் சொல்வது கொடுமைதான். பக்கத்து வீட்டுக்காரராவது சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அலுவலகங்கள். வி.ஏ.ஓ. தாலுகா ஆபீஸைக் காட்டுவார், தாலுகாவில் மாநகராட்சியைக் காட்டுவார்கள், மாநகராட்சியில் "இது ரெவின்யூ வேலை" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான், நிவாரணம் வருவாய்த் துறையின் பொறுப்பு. வாய்மொழியாக யாரிடமும் கேட்காதீர்கள். மனு இரண்டு பிரதி, ஒன்றில் சீல், தேதி, கையெழுத்து. தாலுகாவில் சீல் வைக்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், அல்லது திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள்: என் தெருவை யார், எந்தத் தேதியில் பார்வையிட்டார், என் வீட்டை எந்த வகையில் பதிந்தார், பட்டியல் நகல் எங்கே. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இந்த மனு போன பிறகு திடீரென்று மறு ஆய்வுக்கு ஆள் வருவதும் உண்டு.

கடைசியாக ஒன்று. வெள்ளம் வடிந்த கையோடு கரையோரத்தில் இரண்டு விதக் கணக்கெடுப்பு நடக்கும். ஒன்று நிவாரணத்துக்கு, மற்றது ஆக்கிரமிப்பு என்று சொல்லி உங்களை இடம் மாற்ற. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் நகரின் தெற்கு ஓரத்திலுள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. கைரேகையோ கையெழுத்தோ கேட்டால், படிவத்தின் தலைப்பை முதலில் படியுங்கள், படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள், அதைப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள், கேட்பவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும்.