பொருள்முதல்வாதமா, பொருட்பற்றா?

மும்பை மாட்டுங்காவில் தமிழர்கள் கூடும் ஒரு சிறு அரங்கில் சென்ற மாதம் நடந்த சொற்பொழிவின் துண்டறிக்கை இன்னும் என் மேசைமேல் கிடக்கிறது. ‘இயற்கை, பொருள்முதல்வாதம், அரசியல் பிரிவுகள்: ஜென் காட்டும் வழி’ என்பது தலைப்பு. இந்த நடுச்சொல்லை, பொருளாசை என்ற கருத்தில், இப்படிப்பட்ட இடத்தில் நான் பார்ப்பது முதல் தடவையன்று. வார இதழ்களின் ஆன்மிகப் பக்கங்களிலும் மொழிபெயர்ப்பு நூல்களின் பின்னட்டைகளிலும் பலமுறை கண்டிருக்கிறேன். மெய்ப்புத் திருத்துவது என் தொழில் என்பதால், என் கைக்கு வந்தவற்றில் சத்தமில்லாமல் அடித்து மாற்றியும் இருக்கிறேன். அன்று அந்தச் சொல் அச்சிலிருந்து எழுந்து வந்து அவையிலேயே சண்டை மூட்டிவிட்டதால்தான் இதை எழுத நேர்ந்தது.

பேச்சாளர் நன்கு படித்தவர், ஆங்கில நூல்களிலிருந்து ஜென் பௌத்தத்தை அறிந்தவர். இயற்கையைப் பற்றி அழகாகவே தொடங்கினார். பிறகு, “ஜென் பொருள்முதல்வாதத்தை அடியோடு மறுக்கிறது, இன்றைய சீரழிவுக்கெல்லாம் பொருள்முதல்வாதிகளே காரணம்” என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். தாராவிக்காரர், 1982ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் வரை பஞ்சாலையில் வேலை பார்த்தவர். “ஐயா, பொருள்முதல்வாதின்னா பணத்தாசை பிடிச்சவன்னு உங்களுக்கு யாரு சொன்னது? நாப்பது வருசமா நான் பொருள்முதல்வாதி. எங்கிட்ட நாலு வேட்டிக்கு மேல இருந்ததில்ல” என்றார். பேச்சாளர், “பெரியவரே, நான் உங்களைச் சொல்லவில்லை” என்று சமாதானம் சொல்லப் பார்த்தார். அதற்குள் முன்வரிசையில் இருந்தவர்கள் பெரியவரை உட்காரச் சொல்ல, பின்வரிசை எழுந்து நின்றது. அரசியல் பிரிவுகளைப் பற்றிய மூன்றாம் பகுதி அதுவரை தொடங்கியிருக்கவேயில்லை.

தவறு பெரியவருடையது அன்று. பேச்சாளர் தமிழாக்கிய மெட்டீரியலிசம் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் மாட்டேரியா என்ற இலத்தீன் சொல்; அதற்கு மரம், கட்டுமானப் பொருள் என்று பொருள். பருப்பொருளே உள்ளது, மற்றவையெல்லாம் அதன் விளைவு என்னும் தத்துவக் கொள்கைக்குப் பெயராகப் பதினெட்டாம் நூற்றாண்டில் மெட்டீரியலிசம் ஆங்கிலத்தில் வழங்கியது. பொருள்களைச் சேர்ப்பதிலும் வசதியிலுமே வாழ்வின் பயனைக் காணும் மனப்போக்கு என்னும் இரண்டாம் பொருள் அடுத்த நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு சொல், இரண்டு பொருள். ஆங்கிலேயர் இடம் பார்த்துப் பிரித்தறிந்துகொள்கிறார்கள். நாம் தமிழில் முதற்பொருளுக்கு அமைத்த சொல்லை எடுத்து இரண்டாம் பொருளின் தலையில் கட்டுகிறோம்.

முதற்பொருளுக்கு அமைந்த ‘பொருள்முதல்வாதம்’ மிகச் சிறந்த ஆக்கம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சிந்தனை முதலா, இயற்கை முதலா என்ற கேள்விக்கு அளிக்கும் விடையைக் கொண்டே தத்துவவாதிகள் இரு முகாம்களாகப் பிரிந்தார்கள் என்று 1886இல் மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் எழுதினார். அந்த ‘முதல்’ அப்படியே தமிழ்ச் சொல்லுக்குள் வந்து அமர்ந்திருக்கிறது: பொருளே முதல் என்பது பொருள்முதல்வாதம், கருத்தே முதல் என்பது கருத்துமுதல்வாதம். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் மலிவு விலைத் தமிழ் நூல்கள் வழியாக மார்க்சியத்தின் இயக்கவியல் பொருள்முதல்வாதமும் வரலாற்றுப் பொருள்முதல்வாதமும் ஆலைத் தொழிலாளியின் கைக்கும் வந்து சேர்ந்தன. மூலச்சொல்லில் வெளிப்படாத தெளிவு இந்த ஆக்கத்தில் உண்டு.

அந்தத் தெளிவே இப்போது அதற்குப் பகையாகியிருக்கிறது. தமிழில் பொருள் என்றால் செல்வமும் ஆகும். முதல் என்றால் கடைக்குப் போட்ட பணமும் ஆகும். தத்துவப் பின்னணி அறியாத ஒருவர் இச்சொல்லைப் பிரித்துப் பார்த்தால், ‘பொருளுக்கு, அதாவது காசுக்கு, முதலிடம் கொடுப்பது’ என்று தாமாகவே ஒரு விளக்கம் கட்டிக்கொள்வார். அகராதியில் முதலில் வந்த சொல்லை எடுத்துக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளருக்கு இந்தக் கட்டுவிளக்கம் மிகவும் வசதியாகிவிடுகிறது. சொல்லும் கிடைத்தது, அதற்குக் காரணமும் கிடைத்தது. பொருள் என்ற சொல்லின் பலமுகம் நம்மவர்க்குப் புதியதன்று. ‘பொருளல் லவரைப் பொருளாகச் செய்யும் பொருளல்லது இல்லை பொருள்’ என்று வள்ளுவர் விளையாடியதே அதை வைத்துத்தான். அவர் தெரிந்து விளையாடினார். நம் மொழிபெயர்ப்பாளர்கள் தெரியாமல் வழுக்கி விழுகிறார்கள்.

மும்பையில் இருந்துகொண்டு இதைப் பார்க்கும்போது கூடுதலாக வெட்கம் உண்டாகிறது. பக்கத்து வீட்டு மராத்தி ஆசிரியையிடம் கேட்டேன். தத்துவத்துக்கு ‘ஜடவாத்’ என்றும், கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிக் குவிக்கும் புத்திக்குச் ‘சங்கள்வாத்’ என்றும் யோசிக்காமல் சொன்னார். சங்கள் என்றால் கூத்தும் கொண்டாட்டமும். எந்த மராத்தி நாளிதழும் இரண்டையும் குழப்புவதாக அவருக்கு நினைவில்லை.

அன்று கூட்டம் முடிந்தபின் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, தனித்தமிழில் பிடிப்புள்ள நண்பர் ஒருவர், “வாதம் வடசொல் ஐயா, அதை நீக்கிப் ‘பொருளியம்’ என்று சொன்னால் சிக்கல் தீர்ந்தது” என்றார். தீராது. பொருளியல் என்று பொருளாதாரத்துக்கு ஒரு சொல் ஏற்கெனவே வழங்கும்போது, அதற்கு ஓரெழுத்துத் தள்ளி இன்னொரு சொல்லை நட்டால் மெய்ப்புத் திருத்துபவர்களுக்குத்தான் வேலை கூடும். மேலும், ‘இயம்’ கொள்கையைக் குறிக்கும் ஈறு. கடன் அட்டையில் மூன்றாவது கைப்பேசி வாங்குபவனிடம் கொள்கை ஏதும் இல்லை. அவனிடம் இருப்பது ஆசை. இந்தப் பிழையைத்தான் ‘நுகர்வியம்’ என்ற ஆக்கமும் செய்கிறது. ‘உலகாயதம்’ என்று பழமைக்குப் போகலாமே என்பவர்களும் உண்டு. மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் பூதவாதி பேசுவதும், சைவ சாத்திரமான சிவஞான சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பரபக்கம் முதலில் எடுத்து மறுப்பதும் உலகாயதக் கருத்துகளைத்தான். அது கண்கூடு ஒன்றையே சான்றாகக் கொண்ட தத்துவம். அதன் தலையிலும் வாங்கிக் குவிப்பவனைக் கட்டுவது நியாயமாகாது.

இனி ஜென்னுக்கு வருவோம், ஏனெனில் இங்கே தவறான சொல் வெறும் அழகுக் குறையோடு நிற்பதில்லை, செய்தியையே தலைகீழாக்குகிறது. ஜென் பொருளை மறுப்பதே இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டு ஜப்பானியத் துறவி தோகென், 1237இல் மடைப்பள்ளிப் பொறுப்பாளருக்கென்று ஒரு கையேடு எழுதினார். அரிசியையும் பானையையும் உன் கண்ணைப் போலக் கருது என்கிறார் அதில். அரிசி களையும்போது மணலைக் கூர்ந்து பார், மணலை நீக்கும்போது ஓர் அரிசியும் வீணாகாமல் பார் என்கிறார். அழியாத ஆன்மா ஒன்று உடலுக்குள் குடியிருந்து, உடல் அழிந்தபின் வெளியேறிப் போகிறது என்ற கருத்தையும் அவர் வேறோரிடத்தில் கடுமையாக மறுத்திருக்கிறார். பழைய சீனக் குரு ஒருவர், புத்தரின் மனம் எது என்று கேட்டவருக்குச் சுவர், ஓடு, சரளைக்கல் என்று காட்டினார். இவர்களைப் பொருள்முதல்வாதத்தின் எதிரிகளென்று அறிவித்தால், அரங்கில் எழுந்த பெரியவருக்கும் அவர்களுக்கும் இல்லாத பகையை நாமே உண்டாக்குகிறோம். அவர்கள் முழுப் பொருள்முதல்வாதிகள் என்றும் சொல்லிவிட முடியாது. மனமா பொருளா எது முதல் என்ற கேள்வியையே அவர்கள் அந்த வடிவில் ஏற்பதில்லை.

அவர்கள் விலக்கச் சொல்வது பிடியை. ஜப்பானில் கியோத்தோ நகரின் ரியோவான்ஜி என்னும் ஜென் கோயிலில், கல்தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் பின்புறம் வருபவர்கள் காணும் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. வட்டமான கல், நடுவில் சதுரக் குழி, பார்த்தால் துளையிட்ட பழங்காசு போலவே இருக்கும். குழியைச் சுற்றி நான்கு பக்கமும் நான்கு குறிகள் செதுக்கப்பட்டுள்ளன. தனித்தனியே படித்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டாது. நடுச்சதுரம் வாய் என்னும் சீன எழுத்தின் வடிவம்; அதை ஒவ்வொரு குறியோடும் சேர்த்துப் படித்தால், ‘போதும் என்பதை மட்டுமே நான் அறிகிறேன்’ என்று வாசகம் நிறைகிறது. காசாசைக்கு எதிரான சொல்லைக் காசின் வடிவிலேயே, கை கழுவும் இடத்தில், கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். கல்லும் வேண்டும், நீரும் வேண்டும், காசின் வடிவமும் வேண்டும். பற்று மட்டும் வேண்டாம்.

அந்தப் பற்று என்ற சொல்லுக்காக நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை. தமிழ்ப் பௌத்தம் அதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே துல்லியமாக வைத்திருக்கிறது. மணிமேகலை அடுக்கும் பன்னிரு சார்புகளில், அதாவது ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் காரணச் சங்கிலியில், ‘நுகர்வே வேட்கை பற்றே’ என்று மூன்று கண்ணிகள் அடுத்தடுத்து வருகின்றன. புலனுக்குப் பட்டதை உணர்வது நுகர்வு. அதை இன்னும் வேண்டும் என்பது வேட்கை. விடமாட்டேன் என்று இறுக்கிப் பிடிப்பது பற்று. கவனித்தால், இன்று கடைத்தெருவுக்குச் சொல்லும் ‘நுகர்வு’ அங்கே குற்றமே அன்று. பற்று அதிலிருந்து இரண்டு படி தள்ளியே வருகிறது. ஆகவே ஜென் உரைகளில் மெட்டீரியலிசம் வரும்போது ‘பொருட்பற்று’ என்று எழுதுவதே சரி. பேச்சுநடை வேண்டுமென்றால் ‘பொருளாசை’ என்று எழுதுங்கள். அதற்கும் நான் மறுப்பு எழுத மாட்டேன்.

தலைப்பின் மற்ற இரண்டு சொற்களில், ‘இயற்கை’ மீது எனக்குக் குறையில்லை. ஜப்பானியர் இயற்கைக்கு வழங்கும் ஷிசென் என்ற சொல்லின் எழுத்துகளுக்குத் ‘தானாக அவ்வாறிருப்பது’ என்பது பொருள்; இயல்பாய் அமைந்தது என்னும் நம் சொல் அதற்கு இதைவிட நெருங்க முடியாது. ‘பிரிவு’தான் உறுத்துகிறது. அலுவலகத்தில் பிரிவு, பாலைத் திணையின் உரிப்பொருளும் பிரிவு. ‘அரசியல் பிரிவுகள்’ என்று படித்தவன் கட்சியின் மாணவர் அணி, மகளிர் அணி என்று நினைத்தால் அவன்மீது குற்றமில்லை. பிரிவினை என்றால் 1947 வந்து நிற்கும். ‘பிளவு’ போதும். மூன்றாம் ஜென் குருவின் பெயரால் வழங்கும் செய்யுள் ஒன்று, பிடித்ததையும் பிடிக்காததையும் எதிரெதிரே நிறுத்துவதை மனநோய் என்கிறது. வேண்டுதல் வேண்டாமை என்று குறள் இணைத்துச் சொல்லும் இரண்டும் அவையே. இதை வைத்து ஜென் எப்போதும் அரசியலுக்கு மேலே நின்றது என்று பேச்சாளர் சொன்னது வேறு பிழை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் ஜென் மடங்கள் அரசின் பக்கம் நின்றன. தோகென் வழிவந்த சோத்தோ பிரிவு 1992இல் அதற்காக மன்னிப்புக் கோரியது. (இங்கே ‘பிரிவு’ சரியான சொல்.)

இவற்றையெல்லாம் சுருக்கி ஏற்பாட்டாளருக்கு எழுதி அனுப்பினேன். நன்றி தெரிவித்து, அடுத்த நிகழ்ச்சியின் துண்டறிக்கையில் திருத்திவிடுவதாகப் பதில் வந்தது. நேற்று அதுவும் கைக்கு வந்தது. ‘பிளவு’ சரியாகவே அச்சாகியிருக்கிறது. அதற்கு முன்னால், கொட்டை எழுத்தில், ‘பொருள்முதல்வாதப் பற்று’ என்று போட்டிருக்கிறார்கள்.