கொலீஜியம் ‘தேர்வுக் குழு’ அன்று

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி இடம் காலியாகும்போதெல்லாம் ‘தேர்வுக் குழு கூடியது’ என்று செய்தி வாசிக்கப்படுகிறது. கிரிக்கெட் அணிக்கு ஆள் எடுப்பவர்களுக்கும் இதே பெயர்தான்.

அந்தச் செய்தி குறிப்பது, நீதிபதி பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகளின் கொலீஜியத்தை. கொலீஜியம் இலத்தீன் சொல். ஒருவரோடு உடன் அமர்த்தப்பட்டவர் ‘கொலேகா’. அத்தகையோர் சேர்ந்த அவை கொலீஜியம். ‘காலேஜ்’ அதன் வழி வந்தது.

குழு என்பது ஒருவர் அமைக்க அமைவது, அமைத்தவருக்கு அறிக்கை தந்துவிட்டுக் கலைவது. கொலீஜியத்தை அரசும் அமைக்கவில்லை, நாடாளுமன்றமும் அமைக்கவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 124ஆம் உறுப்பில் அச்சொல்லே இல்லை. 1993இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பில் உருப்பெற்று, தலைமை நீதிபதியும் அவருக்கு அடுத்த நான்கு மூத்த நீதிபதிகளும் என்று 1998இல் விரிந்த ஏற்பாடு அது. உண்மையில் அமைக்கப்பட்டது, கொலீஜியத்துக்கு மாற்றாக வந்த 2014இன் தேசிய நீதித்துறை நியமன ஆணையம். சட்ட அமைச்சரும் இடம்பெற்ற அதை 2015இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. இவ்விரண்டுக்கும் ‘குழு’ என்றே எழுதினால், வழக்கு எதைப் பற்றியது என்பதே வாசகருக்கு விளங்காது.

‘தேர்வு’ இன்னும் பிழை. கொலீஜியம் பரிந்துரைக்கிறது, நியமிப்பவர் குடியரசுத் தலைவர். அரசு ஒரு பெயரைத் திருப்பி அனுப்பலாம், கொலீஜியம் ஒருமனதாக மீண்டும் வலியுறுத்தினால் ஏற்றாக வேண்டும் என்பது தீர்ப்புகள் வகுத்த நெறி. கோப்பு மாதக்கணக்கில் அசையாமல் கிடப்பது வேறு கதை.

ஐவர் என்பதால் ‘ஐம்பெருங்குழு’ என்போரும் கிளம்பக்கூடும். அமைச்சர், புரோகிதர், சேனாபதியர், தூதர், சாரணர் என்ற அந்த ஐவகையினர் அரசனுக்குத் துணை நின்றவர்கள். அரசின் கைக்கு எட்டாதிருப்பதற்காகவே வந்தது கொலீஜியம்.

‘மூத்த நீதிபதிகள் குழாம்’ என்பதே என் தெரிவு. அடியார் குழாம் என்கிறபோது அதை அமைத்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. இலங்கையில் வழக்கு விசாரிக்கும் நீதியரசர்களைக் குழாம் என்பர். இங்கே அதற்கு ‘அமர்வு’ நிலைத்துவிட்டதால் குழப்பமில்லை. அதுவும் வேண்டாமென்றால் கொலீஜியம் என்றே விட்டுவிடலாம். தவறான தமிழைவிட அது மேல்.

மொழிபெயர்ப்பாளர்கள் ‘ஆலோசனை’யையும் இப்படித்தான் கையாள்கிறார்கள். 124ஆம் உறுப்பு சொல்வது, நீதிபதிகளைக் கலந்தாலோசித்து நியமிக்க வேண்டும் என்பது. கலந்தாலோசிப்பது இசைவு பெறுவதாகாது என்றது 1981ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஆகும் என்றது 1993ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ‘நீதிபதிகளின் ஆலோசனையின்படி நியமிக்கிறார்’ என்று எழுதுபவர், தாம் அறியாமலே அந்தப் பன்னிரண்டு ஆண்டு வழக்கில் ஒரு தரப்புக்குத் தீர்ப்பெழுதி விடுகிறார்.