கடைசியில் ஏறியது முதலில் இறங்கும்

'மேஜிக்: தி கேதரிங்' சீட்டாட்டத்தில் உங்களிடம் ஒரு கரடிச் சீட்டு இருக்கிறது. அதன் தாக்கும் வலிமை 2, தாங்கும் வலிமை 2 (சுருக்கமாக 2/2). எதிராளி 'லைட்னிங் போல்ட்' சீட்டைப் போட்டு அதன்மேல் 3 புள்ளி இடியை இறக்கப் பார்க்கிறார். உங்கள் கையில் 'ஜயன்ட் குரோத்' இருக்கிறது. ஓர் உயிரியின் இரு வலிமைகளையும் அந்த முறை முடியும்வரை மும்மூன்று கூட்டிவிடும் சீட்டு அது. பதிலுக்கு அதைப் போட்டால் கரடி பிழைத்துக்கொள்ளும். இதே இரண்டு சீட்டுகள் வரிசை மாறி விழுந்தால் கரடி செத்துவிடும்.

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993-இல் வெளிவந்த இந்த ஆட்டத்தில் மந்திரங்கள் போட்டவுடன் பலிப்பதில்லை. 'ஸ்டாக்' என்ற அடுக்கின் உச்சியில் போய்க் காத்திருக்கின்றன. சுட்டு அடுக்கிய தோசை மாதிரிதான்: கடைசியாகச் சுட்டது முதலில் இலைக்கு வரும். இடிக்குமேல் வளர்ச்சி ஏறினால் வளர்ச்சி முதலில் பலித்துக் கரடி 5/5 ஆகிறது. இடி அதற்குப் போதாது. அவசரப்பட்டு நீங்களே முதலில் வளர்த்தால், எதிராளி அதன்மேல் இடியை ஏற்றுவார். வளராத கரடி சாகும். இலக்கில்லாமல் வளர்ச்சிச் சீட்டும் வீண். அவருக்குச் செலவு ஒரு சீட்டு, உங்களுக்கு இரண்டு. பொறுத்திருப்பவருக்கே இந்த ஆட்டம் சாதகம்.

பதில் போடும் உரிமைக்குப் 'பிரையாரிட்டி' என்று பெயர். யாருடைய முறை நடக்கிறதோ அந்த முறைக்காரரிடம் தொடங்கி அது கைமாறும். எல்லோரும் அடுத்தடுத்து 'வேண்டாம்' என்று விட்டால், உச்சியில் இருக்கும் ஒன்று மட்டும் பலிக்கும். மறுபடி உரிமை முறைக்காரரிடம் வரும். அடுக்கு மொத்தமாகச் சரிவதில்லை. ஒவ்வொன்றுக்கும் இடையில் புதுச் சீட்டு நுழைய ஒரு வாசல் திறக்கிறது. 1999-இல் ஆறாம் பதிப்போடுதான் இந்த ஒழுங்கு வந்தது. அதற்குமுன் 'இன்டரப்ட்' என்று தனி வகைச் சீட்டுகளே இருந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது முறையின் கடைசிக் கட்டத்தில் ஒளிந்திருக்கும் ஒரு விதி. பிழைத்த கரடியின் உடம்பில் இன்னும் 3 புள்ளிக் காயம் இருக்கிறது. வளர்ச்சி முதலில் நீங்கினால் அது 2/2-க்குச் சுருங்கி அந்தக் காயத்தாலேயே செத்துப்போகும். அதனால் காயம் ஆறுவதும் வளர்ச்சி நீங்குவதும் ஒரே கணத்தில் நடக்கும் என்று விதி சொல்கிறது. யாரோ உட்கார்ந்து இதையும் யோசித்திருக்கிறார்கள்!

இருவரின் உயிரிகளும் ஒன்றாகச் செத்து, 'நான் இறந்தால் எதிராளி ஓர் உயிர்ப்புள்ளி இழப்பார்' என்று இரண்டுமே சொன்னால்? முறைக்காரருடையது முதலில் அடுக்கில் ஏறும், மற்றவருடையது அதன்மேல். இருவருக்கும் ஒரு புள்ளிதான் மிச்சம் என்றால், தோற்பவர் முறைக்காரர்.