காணாமல் போன மணலைக் காட்டிக்கொடுக்கும் நுரை

பெரிய அலை அடித்து ஓய்ந்த மறுநாள் தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் கடற்கரையில் மணல் ஆளுயரத்துக்கு வெட்டுப்பட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 2007 மார்ச் புயலை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வடக்கே ரிச்சர்ட்ஸ் பே அருகே அன்று அலை உயரம் 8.5 மீட்டர். இப்படிப் போன மணல் எங்கே கிடக்கிறது என்பதைக் கரையோர மாடியில் கேமரா வைத்தே கண்டுபிடிக்கலாம். "மாடியில் கேமரா வைத்தால் படம்தானே வரும்? தண்ணீருக்கு அடியில் மணல் எங்கே கிடக்கிறது என்று எப்படித் தெரியும்?" என்று டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி வாசகர் ஒருவர் கேட்கிறார்.

ஒற்றைப் படத்தில் ஒன்றும் தெரியாதுதான். அதனால் நொடிக்கு ஒன்றாகப் பத்து நிமிடம் படம் எடுத்து, அந்த 600 படங்களையும் சராசரி ஆக்குகிறார்கள். குளிப்பவர்கள், கடற்பறவைகள், சறுக்குப் பலகைக்காரர்கள் எல்லோரும் ஆவிபோல மறைந்துவிடுவார்கள். பாலத்தில் ஷாட் மீனுக்குத் தூண்டில் போட்டுவிட்டு அசையாமல் நிற்கும் தாத்தா மட்டும் தப்பிப்பார்! கூடவே கடலுக்குள் பட்டையாக ஒரு வெள்ளைக் கோடும் மிஞ்சும். அலையின் உயரம் ஆழத்தில் முக்கால் பங்கை எட்டும்போது அலை உடைந்து நுரைக்கும். நுரை திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் எழுந்தால் அங்கே ஆழம் குறைவு, அதாவது அடியில் மணல்திட்டு. ஓதம் ஏறினால் கோடு கரைப்பக்கம் நகரும். ஆகவே ஒரே நீர்மட்டத்தில் எடுத்த படங்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

அலை உடையாத இடத்தில் அதன் வேகம் ஆழத்தைச் சொல்லிவிடும். நொடிக்கு 5 மீட்டர் ஓடினால் ஆழம் சுமார் இரண்டரை மீட்டர். வேகம் பாதியானால் ஆழம் கால்வாசி.

1980களிலிருந்து இதை வளர்த்தவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்து ராப் ஹோல்மன். இந்தக் கேமரா ஏற்பாட்டைக் கிரேக்கக் கதையின் நூறு கண் அரக்கன் பெயரால் ஆர்கஸ் என்று அழைக்கிறார்கள். நம்மிடம் கேட்டிருந்தால் இந்திரன் என்று வைத்து ஆயிரம் கண் கொடுத்திருப்போம்.

கரை அரித்தால் கடல் மாதா கோபம் என்பார்கள். நானும் கடலுக்குக் கற்பூரம் காட்டுகிறவன்தான். ஆனால் இங்கே மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் அதை மறிக்கிறது. தூர்வாரும் கப்பல் அள்ளித் தராவிட்டால் நம் கரை மெலியத்தான் செய்யும். அந்தக் கப்பல் செலவோடு பார்த்தால் கேமரா சில்லறைக் காசு. பத்து வருஷம் உட்கார்ந்து படங்களைப் பார்க்கிறவருக்குச் சம்பளம் தர மட்டும் யாருக்கும் மனசு வருவதில்லை.

புயல் நேரத்தில் லென்ஸ் முழுக்க மழைத்துளி, கடல் முழுக்க நுரை, ஒன்றும் தெரியாது. விடிந்த பிறகு எடுத்த படத்தில் வெள்ளைக் கோடு கடல்பக்கம் தள்ளிப் போயிருந்தால், கரையில் காணாமல் போன மணலில் பெரும்பங்கு அங்கேதான் படுத்திருக்கிறது. அமைதியான அலைகள் வாரக்கணக்கில் அதை மெல்ல மெல்லத் திரும்பத் தள்ளிக்கொண்டு வரும்.