பிபிஎஸ்: காய்விரைவு

மேலிருந்து விழும் காய்களை அடுக்கி, வரிசைகளை நிரப்பி அழிக்கும் கணினி ஆட்டம் டெட்ரிஸ். அதை ஆடும் மூவரிடம் "உங்கள் வேகம் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் பழைய நின்டெண்டோ விளையாட்டுப் பெட்டியில் ஆடுகிறவர் "நிலை 29 வரை தாங்குவேன்" என்பார். ஜப்பானில் காசு போட்டு ஆடும் இயந்திரங்கள் உள்ள ஆர்கேட் கூடத்தில் பழகியவர் நிமிடமும் நொடியும் சேர்த்து ஒரு நேரத்தைச் சொல்வார். இணையத்தில் எதிராளியோடு மோதுகிறவர் "இரண்டு பிபிஎஸ்" என்பார். மூவரும் சொல்வது வேகம்தான். ஆனால் ஒருவர் அளவை மற்றவர் அளவாக மாற்ற நேரான வழி கிடையாது.

பிபிஎஸ் என்பது 'பீசஸ் பெர் செகண்ட்' என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம். ஒரு நொடியில் எத்தனை காய்களை இறக்கி வைக்கிறோம் என்பதே பொருள். டெட்ரிஸ் காய் ஒவ்வொன்றும் நான்கு கட்டம் கொண்டது. ஆடுகளத்தின் அகலம் பத்துக் கட்டம். 40 வரிசைகளை அழிக்க 400 கட்டங்கள், அதாவது 100 காய்கள் வேண்டும். அதை 50 நொடியில் முடித்தவருடைய பிபிஎஸ் 2. சிலர் இதையே நிமிடத்துக்கு எத்தனை வரிசை என்று கணக்கிடுவார்கள். ஒரு பிபிஎஸ் என்பது நிமிடத்துக்கு 24 வரிசை.

இந்தக் கணக்கு எளிது. கடினம், மற்ற இருவரின் அளவுகளில் இருக்கிறது.

மாஸ்கோவில் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்சேய் பாஜித்னவ் 1984இல் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். நான்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் டென்னிஸையும் சேர்த்து அவர் வைத்த பெயர் டெட்ரிஸ். 1989இல் நின்டெண்டோ பெட்டிக்கு வந்த வடிவத்தில், நிலை ஏற ஏறக் காய் விழும் வேகமும் ஏறும். திரை நொடிக்குச் சுமார் 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு பிரேம். நிலை 18இல் காய் ஒரு வரிசை இறங்க 3 பிரேம், 19இல் 2, 29இல் ஒரே பிரேம். இருபது வரிசை உயரத்தை நிலை 29இல் காய் நொடியின் மூன்றில் ஒரு பங்கில் கடந்துவிடும். மனிதக் கை அதற்கு ஈடுகொடுக்காது என்று நெடுங்காலம் நம்பியதால் அந்த நிலையையே ஆட்டத்தின் முடிவாகக் கருதினார்கள். 2023 டிசம்பரில் வில்லிஸ் கிப்சன் என்ற 13 வயதுச் சிறுவன் நிலை 157 வரை போய், ஆட்டமே உறைந்து நிற்கும்படி செய்தான்.

ஐரோப்பாவில் விற்ற பெட்டிகளின் திரை நொடிக்கு 50 பிரேம் ஓடியது. அதற்கேற்ப வேக அட்டவணையும் மாற்றப்பட்டது. அங்கே நிலை 19இலேயே பிரேமுக்கு ஒரு வரிசை. ஆகவே "நிலை 19" என்ற ஒரே சொல் அமெரிக்கரிடம் நொடிக்கு 30 வரிசையையும் ஐரோப்பியரிடம் 50 வரிசையையும் குறிக்கிறது. எண் ஒன்று, பொருள் இரண்டு.

ஜப்பானில் கதையே வேறு. அங்கே 1998இல் அரிகா நிறுவனம் உருவாக்கிய 'டெட்ரிஸ் தி கிராண்ட் மாஸ்டர்' என்ற ஆர்கேட் ஆட்டத்தை ஆடுகிறவர்கள் விழும் வேகத்தை 'ஜி' என்று அளக்கிறார்கள். கிராவிட்டி என்பதன் முதலெழுத்து அது. பிரேமுக்கு ஒரு வரிசை இறங்கினால் 1ஜி. அமெரிக்கர் அஞ்சிய நிலை 29 இந்தக் கணக்கில் வெறும் 1ஜி! இந்த ஆட்டத்தில் நிலை 500 வந்ததும் 20ஜி தொடங்கிவிடுகிறது: காய் தோன்றும்போதே தரையில் இருக்கும். விழுவதைக் கண்ணால் பார்க்கவே முடியாது.

அப்படியானால் ஜப்பானியர் கை இருபது மடங்கு விரைந்ததா? இல்லை. நின்டெண்டோ வடிவத்தில் தரையைத் தொட்ட காயை அதன்பின் நகர்த்தத் தனி அவகாசம் தரப்படுவதில்லை. இந்த ஆர்கேட் வடிவத்தில் தரை தொட்ட பிறகும் 30 பிரேம், அதாவது அரை நொடி, காயை நகர்த்தலாம், திருப்பலாம். ஆட்டமே உச்ச வேகத்தில் போய் நின்றுவிட்டதால் இனி வேறுபாடு ஆடுகிறவரிடம்தான். அதனால் அங்கே கேள்வி "எவ்வளவு தாங்குவாய்?" என்பதல்ல, "நிலை 999ஐ எத்தனை நிமிடத்தில் தொட்டாய்?" என்பது. உயர்ந்த பட்டத்துக்கு 13 நிமிடம் 30 நொடிக்குள் முடிப்பதும் ஒரு நிபந்தனை.

ஆக இயந்திரத்தின் வேகம் ஒன்று, கையின் வேகம் ஒன்று. இரண்டையும் 'வேகம்' என்றே எழுதினால் தமிழில் குழப்பம் நேர்கிறது. 'வேகம்' வடமொழியிலிருந்து வந்த சொல். தமிழ்நாட்டுப் பாடநூலில் அது திசை கருதாத வேகம்; திசையும் சேர்ந்தால் திசைவேகம். இலங்கைப் பாடநூலில் திசை கருதாதது கதி. திசையும் சேர்ந்ததுதான் வேகம். காய் எப்போதும் கீழ்நோக்கியே விழுவதால் 'ஜி' அளப்பதை விழுவேகம் என்று எழுதலாம். இரண்டு கரைகளிலும் பிழையாகாது.

பிபிஎஸ் அளப்பதோ தூரத்தை அன்று, எண்ணிக்கையை. வேகமும் கதியும் அங்கே பொருந்தா. 'வீதம்' சரியான சொல்தான், ஆனால் வட்டிக் கணக்கின் வாடை வீசுகிறது. கைத்திறன் அதில் தெரிவதில்லை. 'விரைவு' தெரிவிக்கிறது. தொல்காப்பியம் "கதழ்வும் துனைவும் விரைவின் பொருள" என்று அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லும்போது, எல்லோருக்கும் தெரிந்த சொல்லாக எடுத்துக்கொள்வது இந்த விரைவைத்தான். இன்றும் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

'பீஸ்' என்பதை முதலில் 'துண்டு' என்று எழுதிப் பார்த்தேன். உடைந்த பொருளின் நினைவே வந்தது. தாயத்திலும் சதுரங்கத்திலும் நாம் நகர்த்துவது காய். டெட்ரிஸிலும் காயே. எனவே பிபிஎஸ் என்பதற்குக் காய்விரைவு. "என் காய்விரைவு 2" என்றால் நொடிக்கு இரண்டு காய்.

'நொடி'யை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பேன். விநாடி பழைய கணக்கில் நாழிகையின் அறுபதில் ஒரு பங்கு, இன்றைய 24 நொடி. இலங்கையில் செக்கன் என்பார்கள். அங்கே எழுதுகிறவர்கள் அப்படியே எழுதலாம். நொடி என்பது விரலைச் சொடுக்கும் செயல். கண் இமைப்பதையும் விரல் நொடிப்பதையும் மாத்திரைக்கு அளவாக வைத்தவர்கள் நம் இலக்கணிகள். விரல்களால் ஆடும் ஆட்டத்தை அளக்க, விரலிலிருந்தே பிறந்த சொல் கையிலிருக்கிறது.