மழைக்காலத்தில் முட்டை குறையும்போது: கொட்டகை விளக்கைப் பற்றி ஒரு கால்நடை மருத்துவர்

ஐப்பசி அடைமழை பிடித்ததிலிருந்து தை பிறக்கும்வரை, தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளில் வீட்டுக்கோழி வளர்ப்போர் என்னிடம் அதிகம் கேட்பது, கோழிகள் ஏன் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன என்பதுதான். விளக்கு போட்டால் சரியாகிவிடும் என்று கேள்விப்பட்டு, அன்றிரவே விடிய விடிய பல்பை எரியவிடுவோரும் உண்டு. விளக்கு உதவும் என்பது உண்மை. கணக்கின்றிப் போட்டால் அது கோழியை வருத்தும் என்பதும் உண்மை.

மண்டையோட்டை ஊடுருவிவரும் ஒளியை உணரும் செல்கள் கோழியின் மூளையிலேயே இருக்கின்றன. பகல் நீளும்போது அவை பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்களைத் தூண்டிச் சூலகத்தை இயங்கவைக்கின்றன. பகல் சுருங்கினால் அந்த இயக்கம் தளர்ந்து, பல கோழிகள் இறகு உதிர்க்கத் தொடங்குகின்றன. ஆனால் டெல்டாவில் ஜூன் மாதப் பகல் ஏறத்தாழ 12¾ மணி நேரம், டிசம்பர் மாதப் பகல் ஏறத்தாழ 11½ மணி நேரம். குளிர்நாடுகளைப் போல இங்கே பகல் பாதியாகக் குறைவதில்லை. எனவே குறையை இருட்டின்மீது மட்டும் சுமத்தாமல், நனைந்து கட்டிதட்டிய கூளம், குடற்புழு, வெறும் குருணையும் தவிடுமான தீனி ஆகியவற்றை முதலில் பாருங்கள். நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்காருவது அதன் இயல்பு. அதை எந்த விளக்கும் மாற்றாது.

முட்டைக்கென்று வளர்க்கும் இனங்களுக்கு, இயற்கை ஒளியையும் சேர்த்து நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் போதும், அதற்குமேல் வேண்டாம். வாரத்துக்கு அரை மணி நேரம் வீதம் கூட்டி, விடியலுக்கு முன்பாகவே விளக்கு எரியும்படி டைமர் வைப்பது நல்லது. மாலையில் எரியும் விளக்கு திடீரென அணைந்தால், கோழிகள் பரணேற முடியாமல் இருட்டில் தரையில் தவிக்கும். தீவனத் தொட்டியருகே செய்தித்தாள் படிக்குமளவு மஞ்சள் வெளிச்சம் தரும் சிறு எல்இடி பல்பே போதுமானது.

மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுவது, இன்னும் முட்டையிடத் தொடங்காத வெடைக்கோழிகளிடம்தான். உடல் முதிராத கோழிக்கு ஒளியைக் கூட்டினால் காலத்துக்கு முன்பே முட்டை வரும். முட்டைக்குழாய் வெளியே தள்ளி, மற்றக் கோழிகள் அதைக் கொத்திக் கொன்றுவிடுவதுண்டு. 16 வாரம் ஆகாத கோழிகள் இருக்கும் கொட்டகையில் தயவுசெய்து விளக்கு நேரத்தைக் கூட்டாதீர்கள். இறகு உதிர்க்கும் கோழியையும் அவசரப்படுத்தாமல், புரதம் நிறைந்த தீனி கொடுத்துத் தேறவிடுங்கள். விளக்கு வைத்த கொட்டகையில் முட்டைக்கோழித் தீவனமும், தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் துகளும் இருந்தே ஆக வேண்டும்; இல்லாவிட்டால் கோழி தன் எலும்பிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து ஓடு கட்டும்.

மழை ஒழுகும் கீற்றுக்கொட்டகையில் ஒட்டுப்போட்ட வயரை இழுப்பது உயிருக்கே ஆபத்து. மூடிய ஹோல்டரும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபியும் பொருத்திய பின்னரே விளக்கைப் போடுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் தாக்கியபோது டெல்டாவின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. நீட்டிய பகல் அப்படி ஒரேயடியாகச் சுருங்கினால், முட்டையிட்டுக்கொண்டிருக்கும் கோழிகள் நிறுத்திவிட்டு இறகு உதிர்க்கக்கூடும். ஆகையால் பேட்டரியில் எரியும் ஒரு விளக்கைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கை நிறுத்துவதானாலும், கூட்டியதைப் போலவே வாரவாரம் சிறிது சிறிதாகக் குறையுங்கள்.