யாங்நியம் சிக்கின்: வறுவலா, பொரியலா?

யாங்நியம் சிக்கின் என்னும் கொரியக் கோழிப் பண்டத்தின் செய்முறைக் காணொளி ஒன்றின் தமிழ்க் குரல் ஏழு நிமிடத்தில் பதினோரு தடவை ‘வறுத்த கோழி’ என்றது. எண்ணிவிட்டேன். சட்டி நிறைய எண்ணெயில் கோழி மிதக்கிறது. குரலோ ‘நன்றாக வறுக்கவும்’ என்கிறது.

மூலச்சொல்லை முதலில் முடித்துவிடுவோம். யாங்நியம் என்றால் கொரிய மொழியில் சுவைக்காகச் சேர்க்கும் காரசாரக் கூட்டு. சிக்கின், ஆங்கிலச் சிக்கன்தான். ஆனால் அங்கே கோழி ‘தாக்’, எண்ணெயில் பொரித்தால்தான் ‘சிக்கின்’. மிளகாய் விழுதான கோச்சுஜாங், பூண்டு, சோயா சாஸ், கெச்சப், ‘முல்யொட்’ என்னும் மாவுச்சத்துப் பாகு எல்லாம் கொதித்த கலவையில் பொரித்த கோழியைப் புரட்டி எடுப்பார்கள். 1980களில் கொரியாவெங்கும் பரவியது.

இனி வழக்குக்கு வருவோம். ரவை வறுக்கிறோம், மிளகாய் வறுக்கிறோம், மணலில் கடலை வறுக்கிறோம். ஈரம் போகக் கிளறுவது வறுத்தல். கொதிக்கும் எண்ணெயில் முழுகவிடுவது பொரித்தல். அப்பளத்தை யாராவது வறுப்பார்களா? ஆங்கிலத்தில் கொஞ்ச எண்ணெயில் கிளறினாலும் நிறைய எண்ணெயில் முழுகவிட்டாலும் ‘ஃப்ரை’ ஒன்றே போதும். நமக்கு இருக்கிற இரண்டில் தப்பானதைப் பொறுக்கி எடுப்பதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேறு.

‘உருளைக்கிழங்கு வறுவல் எண்ணெயில்தானே போடுகிறோம்?’ என்பார்கள். உண்மைதான். ஆனால் அங்கே ‘வறுவல்’ மொறுமொறுவென்று உலர்ந்த பண்டத்துக்கு நின்றுபோன பெயர். அதை வைத்துச் செய்முறையில் ‘வறுக்கவும்’ என்று எழுதலாமா? தமிழ்நாட்டில் தேங்காய் தூவிய பீன்ஸ் பொரியலாகிவிட்டதால் இந்தத் தயக்கம் போலிருக்கிறது. இலங்கையில் மீன் பொரியல் என்றால் இன்றும் எண்ணெயில் பொரித்த மீன்தான்.

என் தங்கை அப்படியொரு குறிப்பை நம்பி, மாவு பூசிய கோழியை இரண்டு கரண்டி எண்ணெயில் போட்டுக் கிளறினாள். மாவு வாணலியோடு தங்கிவிட்டது, கோழி தனியே வந்தது. “அக்கா, கொரியாக்காரங்க இதையா சாப்பிடுறாங்க?” என்றாள். பொரித்து, ஆறவிட்டு, இன்னும் சூடான எண்ணெயில் மறுபடி பொரிக்க வேண்டும். அப்போதுதான் பாகு பட்டும் மேல்தோடு நொறுங்கும்.

‘சுவையூட்டிய கோழி’ என்றும் ஒரு தனித்தமிழாக்கம் பார்த்தேன். சுவையூட்டாத கோழியை யார் தின்கிறார்கள்? ‘இனிப்புப் புளிப்புக் கோழி’யோ சீன உணவகத்துப் பண்டத்துக்கு எப்போதோ போய்விட்டது.

என் வாக்கு ‘பாகுப் பொரிகோழி’க்கு. அடுப்பில் கலவையின் குமிழ்கள் பெருத்துச் சோம்பலாக வெடிக்கும்போது கரண்டியைத் தூக்கினால் கெட்டியாக வழியும். அதைப் பாகு என்று சொல்ல நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். யாங்நியத்தின் அகராதிப் பொருள் இதில் இல்லைதான். தட்டில் இருப்பது இருக்கிறது.

தங்கைக்கு இதுவும் பிடிக்கவில்லை. “பாகுன்னா தீபாவளிப் பலகாரம் மாதிரி இருக்கு.” இருக்கட்டும். இதே கோழிக்கு நெருங்கிய உறவான இன்னொன்றைக் கொரியர்கள் ‘தாக்காங்ஜொங்’ என்கிறார்கள். காங்ஜொங் என்பது ஒட்டரிசி மாவைப் பொரித்துப் பாகில் தோய்த்துப் பொரியிலோ எள்ளிலோ புரட்டும் இனிப்பு. அவர்கள் புத்தாண்டுக்குச் செய்கிற பலகாரம்.